என்ஜின் இல்லாத ரயில்

பலகையை மாற்றிய நாளிலிருந்தே விஞ்ச்சம்மாவுக்கு வயிற்றெரிச்சல். மலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் விஞ்ச்சை ஓட்டுவதால்தான் அவளுக்கு அந்தப் பெயர். பதினெட்டு வருஷமாகக் கீழ் நிலையத்து வாசலில் 'விஞ்ச்' என்ற ஒற்றைச் சொல்லோடு கிடந்த தகரப் பலகையைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, நீலத்தில் வெள்ளை எழுத்தாக 'மலை ரயில்' என்று எழுதிப் பெரிதாக மாட்டிவிட்டார்கள். புது மேனேஜரின் யோசனை அது. ரயில் என்றால் வெளியூர்க்காரர்கள் ஆசையாக வருவார்களாம். விஞ்ச் என்றால் கல்லேற்றும் சமாச்சாரம் போலத் தோன்றுகிறதாம்.

"பேரை மாத்தினா கயிறு அறுந்துடப் போகுதா, விடுங்கக்கா" என்று டிக்கெட் கவுண்டர்காரர் சமாதானம் சொன்னார். அவருக்கென்ன, எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் அவர் கிழிக்கப்போவது அதே டிக்கெட்டைத்தான்.

விஞ்ச்சம்மாவுக்கு அப்படி விட முடியாது. மேலே வந்து இறங்குகிறவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லுவார்கள். ஒருவர் ரோப் கார் என்பார், ஒருவர் லிஃப்ட் என்பார், பாதிப் பேர் ரயில் என்பார்கள். அவள் ஒவ்வொருவரையும் நிறுத்திவைத்துப் பாடம் எடுப்பாள். ரோப் கார் என்றால் அந்தரத்தில் தொங்க வேண்டும், இது தரையில் ஓடுகிறது. ரயில் என்றால் தன் என்ஜினைத் தானே கூட்டிக்கொண்டு போக வேண்டும். இந்தப் பெட்டிக்குள் என்ஜின் எங்கே இருக்கிறது, தேடிக் காட்டுங்கள் பார்க்கலாம் என்பாள். தண்டவாளம் கண்ணில் பட்டதும் ரயில் என்று சொல்கிற ஆட்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

என்ஜின் மலை உச்சியில், அவளுடைய அறையில் இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு டிரம், அதில் இரண்டு இரும்புக் கயிறுகள். ஒரு கயிற்றின் நுனியில் முதல் பெட்டி, இன்னொன்றின் நுனியில் இரண்டாம் பெட்டி. டிரம் சுற்றினால் ஒன்று ஏறும், மற்றது இறங்கும். ஒன்றின் பாரத்தை இன்னொன்று தாங்கிக்கொள்ளும் என்பதால் மோட்டாருக்குப் பெரிய வேலை இல்லை, அது இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் ஆம்பியர் முள் சோம்பேறியாகக் கீழேயே கிடக்கும். பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பிரேக், ஒரு மணிப் பொத்தான், அவ்வளவுதான். மணி அடித்துத் தகவல் சொல்ல வேண்டியது அவர் வேலை. ஓட்டுவது விஞ்ச்சம்மா.

பெயர்ப் பலகையோடு போயிருந்தால் பொருமிக்கொண்டே பொறுத்துக்கொண்டிருப்பாள். ரயில் என்று எழுதிவிட்டோமே, ரயிலுக்கு டிரைவர் வேண்டாமா என்று மேனேஜருக்கு அடுத்த ஞானோதயம் வந்தது. முதல் பெட்டியில் பிரேக் பிடிப்பவன் வேறு வேலை கிடைத்துப் போயிருந்த நேரம். அந்த இடத்தில், ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் என்ஜின் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். வந்தவர் வேறு யாருமில்லை, விஞ்ச்சம்மாவின் சொந்தச் சம்பந்தி. தன் ஒரே மகளை அவருடைய மகனுக்குத்தான் கொடுத்திருந்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்.

இரண்டு பேருக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தவில்லை. பெண் பார்க்க வந்த அன்று அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேட்டார்.

"பொண்ணோட அம்மா என்ன வேலை பாக்கறீங்க?"

"விஞ்ச் ஓட்டறேன்."

"ஓட்டறீங்களா, இழுக்கறீங்களா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவரோடு வந்த கூட்டமும் சிரித்தது. மகளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்ற ஒரே காரணத்துக்காக விஞ்ச்சம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை நீட்டினாள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது.

மகளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவது. பாப்பா வளர்ந்ததே அந்த என்ஜின் அறையில்தான். பள்ளிக்கூடம் விட்டதும் வந்து கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கிரீஸ் வாசனை இல்லாவிட்டால் அவளுக்குக் கணக்கு வராது என்று கேலி செய்வார்கள். எழுத்துக்கு முன்னால் அவள் மணியைக் கற்றுக்கொண்டாள். ஒரு தடவை அடித்தால் நிறுத்து. இரண்டு தடவை அடித்தால் கிளம்பு. மேலிருந்து மூன்று தடவை அடித்தால் கயிறு தளர்ந்திருக்கிறது, பிரேக்கை விடாதே.

"மூணு தடவை கேட்டா நீ என்ன செய்யணும்?" என்று அம்மா கேட்பாள்.

"எதைப் பத்தியும் யோசிக்காம தரையில உட்கார்ந்து கம்பியைப் பிடிச்சுக்கணும்."

"ஏன்?"

"எப்ப வேணா வெட்டி இழுக்கும்."

நான்கு தடவை என்று ஒன்று சட்டத்தில் இல்லை. அது பாப்பாவின் சொந்த ஏற்பாடு. கீழே போய் இறங்கியதும் நிலையத்து மணியை நாலு தடவை அடிப்பாள். வந்து சேர்ந்துவிட்டேன் அம்மா என்று அர்த்தம். கல்யாணத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. மேலே இருக்கும் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளுக்குக் காலை வேலை. மத்தியானம் மாமனாரின் பெட்டியில் இறங்கிப் போவாள், கீழே நாலு தடவை மணி கேட்கும், அதற்குப் பிறகுதான் விஞ்ச்சம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே அறுநூற்று நாற்பது படிகள் இருந்தன. பாப்பா அதில் பத்துப் படிகூட ஏறி இறங்கியதில்லை. அம்மாவின் கயிறு இருக்கும்போது எதற்குக் கால் வலிக்க நடக்க வேண்டும்?

சம்பந்தி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பிரேக் இருக்கையைச் சுற்றிக் கண்ணாடிக் கதவு போடவைத்தார். இரண்டாவது வாரம், ரயிலுக்கு ஊதல் இல்லாமலா என்று மேனேஜரை நச்சரித்து ஒரு ஹாரன் பொருத்தவைத்தார். மூன்றாவது வாரம் ஆம்பியர் முள் துள்ள ஆரம்பித்தது.

விஞ்ச்சம்மாவுக்கு முள்ளைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இறங்கும்போது வேகம் அதிகமாக இருக்கிறதென்று அவருடைய கை நினைக்கிறது, பிரேக்கை லேசாக ஒரு அழுத்து அழுத்துகிறது. ரயிலில் சரிவில் இறங்கும்போது அப்படித்தான் செய்ய வேண்டும், செய்யாவிட்டால்தான் தப்பு. கயிற்றில் இறங்கும் பெட்டிக்கு அது விஷம். கீழே பெட்டி தயங்கும், மேலே டிரம் பாட்டுக்குக் கயிற்றை விட்டுக்கொண்டே இருக்கும், நடுவில் கயிறு தொளதொளவென்று உருளைகள்மேல் படுத்துக்கொள்ளும். பிறகு பிரேக்கை எடுத்தால் அத்தனை தொளதொளப்புக்கும் சேர்த்துப் பெட்டி ஒரேயடியாக விழும்.

அன்றைக்கே ஃபோனில் பிடித்தாள்.

"சம்பந்தி, ஓடிட்டிருக்கும்போது பிரேக்ல கை வைக்காதீங்க. ஒரு தடவை மணி அடிங்க, நான் டிரம்மை நிறுத்தறேன், அப்புறம் போடுங்க."

"நான் உக்காந்திருக்கிற வண்டியை நிறுத்த உங்ககிட்ட உத்தரவு கேக்கணுமா, சம்பந்தியம்மா?"

"உங்க வண்டி இல்லீங்க அது. என் கயித்து நுனி."

"முப்பத்தோரு வருஷத்துல ஆயிரம் பேரை வெச்சு ஓட்டியிருக்கேன். ஒரு கீறல் கிடையாது. எனக்குப் பிரேக் சொல்லித் தராதீங்க."

"ரயிலை ஓட்டினீங்க, யார் இல்லைன்னா? இது விஞ்ச்."

"வெளிய போய்ப் பலகையைப் படிங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேஜையிலும் அதே கச்சேரி நடந்தது. வண்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்தான் ஓட்டுநர், சமையலறையில் அரைக்கிறவளைப் பரிமாறுகிறவள் என்று யாராவது சொல்வார்களா என்றார் அவர். கிணற்றில் வாளிக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் அவன்தான் தண்ணீர் இறைக்கிறான் என்பீர்களா என்று இவள் கேட்டாள். மாப்பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போய்விட்டான். பாப்பா இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். "மாமா, குழம்பு ஊத்தட்டுமா? அம்மா, உனக்கு?" என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். இரண்டு பேர் தட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தும் பார்த்தாள் விஞ்ச்சம்மா. அவர் காகிதத்தை வாங்கி மடித்து, "உங்க குடும்பச் சண்டையை ஸ்டேஷனுக்குக் கொண்டுவராதீங்கம்மா" என்று மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு மத்தியானம் அது நடந்தது. பத்தொன்பது பேரோடு முதல் பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. பாப்பாவும் அதில் இருந்தாள். பாதி வழியில், திருப்பத்துக்கு அந்தப் பக்கம், விஞ்ச்சம்மாவின் ஜன்னலுக்குத் தெரியாத இடத்தில் ஒரு ஆடு தண்டவாளத்தில் வந்து நின்றது. சம்பந்தி ஹாரனை அழுத்தினார். ஆடு அசையவில்லை. மணியைத் தொடாமல் பிரேக்கை முழுசாகப் போட்டார்.

மேலே முள் எகிறியது. முதல் பெட்டியின் கயிறு உருளைகளில் பட்டுப் பட்டென்று அறைந்தது. விஞ்ச்சம்மா அந்த நொடியே டிரம்மை நிறுத்திவிட்டாள். அதற்குள் மூன்று முழத்துக்குமேல் கயிறு தளர்ந்துவிட்டது. பொத்தானை மூன்று தடவை அழுத்தினாள். மோட்டார் முழுசாக நிற்க வேண்டும், பிறகு பின்பக்கமாகச் சுற்றிக் கயிற்றை இறுக்க வேண்டும், அதற்குப் பத்து எண்ணும் நேரம் ஆகும். அதுவரை கீழே பிரேக் இருந்தால் போதும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு எண்ணும்போது அறையே அதிர்ந்தது. ஆடு விலகிவிட்டது, ரயிலில் போலவே அவர் பிரேக்கை எடுத்துவிட்டார்.

கயிறு தாங்கிக்கொண்டது. அதைத் தவிர எதுவும் தாங்கவில்லை. நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு தையல்கார அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. தபால்காரருக்கு இரண்டு பல் போயிற்று. மேலே நின்ற விஞ்ச்சம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. டிரம்மை விட்டு நகர முடியாது, பெட்டி கண்ணுக்குத் தெரியாது, உள்ளே மகள். ஐந்து நிமிஷம் கழித்து இரண்டு தடவை மணி வந்தது. ஒரு ஜாண் ஒரு ஜாணாகப் பெட்டியைக் கீழே இறக்கினாள். நாலு தடவை மணிக்காகக் காத்திருந்தாள். மணி வரவில்லை, ஃபோன் வந்தது. "எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாப்பா வைத்துவிட்டாள்.

உடம்பில் ஒரு கீறல்கூட இல்லையா என்று கேட்க நினைத்தாள். இரண்டு நாளாகக் கூப்பிட்டும் மகள் எடுக்கவில்லை. மூன்றாவது நாள் எடுத்து, "எதுவா இருந்தாலும் விசாரணைல பேசிக்கலாம்னு மாமா சொன்னாங்க" என்றாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

விசாரணை மேல் நிலையத்தில், என்ஜின் அறைக்கு அடுத்த மேனேஜர் அறையில் நடந்தது. வந்திருந்த அதிகாரி ரயில் விபத்துகளை விசாரித்துப் பழகியவர். கையோடு ஒரு படிவம் கொண்டுவந்திருந்தார். கட்டுப் போட்ட கையோடு தையல்கார அம்மா ஒரு நாற்காலியில். அவளுக்குப் பக்கத்தில் பாப்பா. சம்பந்தி பழைய ரயில்வே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மேனேஜர் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தார்: இழுத்ததில்தான் தப்பு என்று எழுதப்பட்டால் விஞ்ச்சம்மாவுக்கு அந்த அறையில் இன்றுதான் கடைசி நாள். நாளை முதல் வேறு ஆள்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "வண்டியை ஓட்டியவர் யாரு?"

விஞ்ச்சம்மா வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி எழுந்துவிட்டார். "நான் எங்கங்க ஓட்டினேன்? அந்தப் பெட்டியில என்ஜினே கிடையாதுங்க. விஞ்ச்தானே அது! மேல அவங்க இழுப்பாங்க, நிறுத்துவாங்க. நான் சும்மா உக்காந்திருக்கிற ஆளு."

மூன்று மாதமாகத் தொண்டை கிழிய அவள் சொன்ன அத்தனையையும் ஒரு மூச்சில் ஒப்பித்துவிட்டார். ஒரு வார்த்தை பிசகவில்லை. இவ்வளவு தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிற மனுஷனா இது என்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் புத்தி பிசகியது.

"வெளிய பலகையைப் படிங்கய்யா. ரயில்னு எழுதியிருக்கு. ரயிலுக்கு யாரு ஓட்டுநர்? ஹாரன் வெச்சிருக்கறது யாரு? கண்ணாடிக் கதவு யாருக்கு?" என்றாள். சொல்லும்போதே நாக்கு கசந்தது.

அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டார். "சரி, அதை விடுங்க. கயிறு தளர்ந்தா மேலிருந்து எச்சரிக்கை மணி அடிக்கணும்னு விதி இருக்கு. அடிச்சீங்களா?"

"மூணு தடவை அடிச்சேன்."

"மணியே வரலைங்க" என்றார் சம்பந்தி. "வந்திருந்தா நான் ஏன் பிரேக்கை விடப்போறேன்? மணியும் அடிக்காம, திடீர்னு அவங்களே கயித்தைப் பின்னாடி இழுத்துட்டாங்க."

தபால்காரர் எழுதிக் கொடுத்ததில் ஹாரன் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று இருந்தது. மற்றவர்களும் அதையே எழுதியிருந்தார்கள். அதிகாரி பாப்பாவைப் பார்த்தார். "நீங்க கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்துல இருந்ததா சொல்லியிருக்கீங்க. மணி கேட்டுச்சா?"

பாப்பா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கேக்கலை" என்றாள்.

விஞ்ச்சம்மா தன் விரலைப் பார்த்தாள். ஒருவேளை நிஜமாகவே கேட்டிருக்காதோ? கம்பி எங்காவது அறுந்திருக்குமோ? தன் கையின்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. மூன்று தடவை அழுத்தினேனா, அழுத்தியதாக நினைத்துக்கொண்டேனா?

அதிகாரி எழுத ஆரம்பித்தார். அப்போதுதான் தையல்கார அம்மா, இத்தனை நேரம் தன்னை யாரும் கேட்கவில்லையே என்ற ஆதங்கத்தில், தானாகப் பேசினாள். "இந்தப் பொண்ணு நல்லா இருக்கணும் சார். இது முன்னாடியே தரையில கம்பியைக் கட்டிப்பிடிச்சு உக்காந்திருந்துச்சு. நான் போய் இது மடியிலதான் விழுந்தேன். இல்லைன்னா என் மண்டை போயிருக்கும்."

அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். அவருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. மேனேஜருக்கும் தெரியவில்லை. அந்த அறையில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். பாப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று அந்தக் கண் கெஞ்சியது. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டுப் பார்ப்பாளே, அதே பார்வை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் மகள் அந்த வீட்டில் நிம்மதியாக இருப்பாள். விஞ்ச்சம்மா வீட்டுக்குப் போவாள். நாளைக்கு வேறொருவன் டிரம் பக்கத்தில் நிற்பான், கீழே இதே ஆள் இதே கையோடு பிரேக்கில் இருப்பார், அடுத்த ஆட்டுக்குக் கயிறு தாங்குமோ தாங்காதோ. இப்படி ஒரு நல்ல காரணம் அவளிடம் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நேரத்தில் அவள் கயிற்றையும் நினைக்கவில்லை, பயணிகளையும் நினைக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்று கேட்ட சிரிப்புத்தான் காதில் இருந்தது.

"பாப்பா" என்றாள். "நீ எதுக்குக் கீழ உக்காந்த?"

பாப்பா மாமனாரைப் பார்த்தாள்.

"கால் வலிச்சதா? மயக்கம் வந்துச்சா? எல்லாரும் ஆட்டை வேடிக்கை பாக்க எக்கி எக்கி நின்னதா எழுதிக் குடுத்திருக்காங்களே, நீ மட்டும் எதுக்குடி தரையில உக்காந்து கம்பியைப் பிடிச்ச?"

அதிகாரியின் பேனா நின்றது. சம்பந்தி மருமகள் பக்கம் திரும்பினார்.

"மூணு தடவை கேட்டுச்சு" என்றாள் பாப்பா. "மூணு தடவை கேட்டா உக்காரணும்னு நீதானே சொல்லிக்குடுத்த."

"அப்ப மணி அடிச்சது" என்றார் அதிகாரி.

"அடிச்சதுங்க" என்றது சம்பந்தியின் குரல். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, இனி மறைக்க ஒன்றுமில்லாதவராக எழுந்து நின்றார். "எனக்கும் கேட்டுச்சு! முப்பத்தோரு வருஷம் என் பிரேக் என் கையைத் தவிர எவன் பேச்சும் கேட்டதில்லை. மேல ஒரு ரூம்ல உக்காந்துக்கிட்டு இந்தம்மா டிங் டிங்னு அடிப்பாங்க, நான் கைகட்டி நிக்கணுமா? ஆடு போச்சு, வழி இருந்துச்சு, எடுத்தேன். என்ன இப்ப?"

அதிகாரி காலியாக விட்டிருந்த கட்டத்துக்குப் போய், 'பெட்டியில் பிரேக் பொறுப்பாளர்' என்று எழுதி, பக்கத்தில் அவர் பெயரை எழுதினார். மேனேஜர் கையை நீட்டினார். சம்பந்தி கண்ணாடிக் கதவின் சாவியைக் கழற்றி மேஜைமேல் எறிந்தார். அது உருண்டு தரையில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

விஞ்ச்சம்மா ஜெயித்துவிட்டாள். உள்ளே ஒரு குதூகலம் பொங்கியதை மறைக்க முடியவில்லை. வராந்தாவில் சம்பந்தியை மறித்து நின்று, "இறங்கணுமே சம்பந்தி, என்ன செய்யப்போறீங்க? இரண்டாம் பெட்டி தயாரா இருக்கு. உக்காருங்க, இழுத்துவிடறேன்" என்றாள்.

"உங்க கயித்துல தொங்கிட்டுப் போறதுக்கு நான் உருண்டே போவேன்" என்று சொல்லிவிட்டு அவர் படிகளைப் பார்த்து நடந்தார். அறுபது வயது, பாரமான உடம்பு, ஒரு கையில் கைப்பிடிச் சுவர். பத்துப் படி இறங்கியதும் நின்று மூச்சு வாங்கினார்.

பாப்பா அவருடைய பையையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

"நீ எங்கடி போற? நீ வண்டியில போ."

பாப்பா திரும்பினாள். அழவில்லை. "அந்த வீட்டுல நான்தாம்மா இருக்கணும். நீ இல்ல."

"அவரு பொய் சொன்னாரு. நீயும் சொன்ன. நான் பாத்துட்டுச் சும்மா இருக்கணுமா?"

"எனக்கு நீ சொல்லிக்குடுத்ததாலதான் நான் பொழைச்சேன். அதையே எடுத்து அவரை அடிச்சுட்ட." டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "மணி அடிச்சதை நான் சொல்லாம இருந்தது தப்புதான். ஆனா என்னைத் தனியா கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நானே போய்ச் சொல்லியிருப்பேன். உனக்கு நான் சொல்றது வேணாம். அவர் முன்னாடி நான் சொல்றதுதான் வேணும்."

விஞ்ச்சம்மா வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

பாப்பா முதல் படியில் கால் வைத்தாள். பழக்கமில்லாத கால், படியின் உயரம் பிடிபடாமல் ஒரு தரம் தடுமாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இறங்கினாள்.

என்ஜின் அறையில் இரண்டு தடவை மணி அடித்தது. ஆட்கள் ஏறிவிட்டார்கள், இழு என்கிறது. விஞ்ச்சம்மா உள்ளே போய் நெம்புகோலைத் தள்ளினாள். டிரம் சுற்றியது, முள் கீழேயே கிடந்தது. ஜன்னல் வழியாகப் படிகள் தெரிந்தன. சம்பந்தி முன்னால், ஐந்து படி தள்ளி பாப்பா. அவர் நின்றால் அவளும் நின்றாள், அவர் நடந்தால் அவளும் நடந்தாள். இறங்கும் பெட்டி அவர்களுக்குப் பக்கத்தில் வரும்போது விஞ்ச்சம்மா தன்னை அறியாமல் வேகத்தைக் குறைத்தாள். பெட்டி அவர்களோடு கூடவே நடப்பதுபோல ஊர்ந்தது. பெட்டிக்குள்ளிருந்து யாரோ என்ன ஆயிற்று என்று கத்தினார்கள். பாப்பா பெட்டியின் பக்கம் திரும்பவில்லை. மேலே ஜன்னல் பக்கமும் திரும்பவில்லை. திருப்பம் வந்தது, இரண்டு பேரும் மறைந்தார்கள்.

பெட்டி கீழே போய்ச் சேர்ந்தது. டிரம்மை நிறுத்திவிட்டு விஞ்ச்சம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். நிதானமாக இறங்கினாலும் அரை மணி நேரத்தில் கீழே போய்விடலாம். சாப்பாட்டு டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அரை மணி ஆயிற்று. அவர் மூச்சு வாங்கி உட்கார்ந்திருப்பார், அதனால் தாமதம் என்று சொல்லிக்கொண்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை பெட்டியை ஏற்றி இறக்கினாள்.

மறுபடியும் கீழ் நிலையத்து மணி அடித்தது. டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஒன்று. இரண்டு.

மூன்றாவதற்காகக் காத்திருந்தாள். கீழே ஆட்கள் பொறுமை இழந்து மறுபடியும் இரண்டு தடவை அடித்தார்கள். டப்பாவைத் திறக்காமல் பெஞ்சுமேல் வைத்துவிட்டு, எழுந்து போய் இழுத்தாள்.